ஏழு சோப்புக் கட்டிகளில் ஹானிபல்

சோப்பில் உருவம் செதுக்குவது பள்ளி நாளிலிருந்தே எனக்குப் பழக்கம். எட்டாம் வகுப்பில் ஓவிய ஆசிரியர் ஆளுக்கொரு வெள்ளைச் சோப்பு கொண்டுவரச் சொல்லி, மீன் செதுக்கக் கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு மீன், ஆமை, யானை, பிள்ளையார் என்று கை போன போக்கில் செய்துகொண்டிருந்தேன். மனித முகத்தை மட்டும் தொட்டதில்லை. இந்த வருஷம் தொட்டதற்கு லெஸ்டர் காபாதான் காரணம்.

காபா 1907இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபல் என்ற ஊரில் பிறந்தவர். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த நாட்டில் 1924 முதல் ஐவரி சோப்பைச் செய்யும் கம்பெனி சோப்புச் சிற்பப் போட்டிகளைப் பெரிய அளவில் நடத்தியது. ஐவரிக்குள் காற்றைக் கலந்து அடித்திருப்பார்கள். தண்ணீரில் மிதக்கும், கத்திக்கும் இளகிக் கொடுக்கும். அந்தச் சோப்புச் சிற்பக் கலையில் பெயர் வாங்கியவர் காபா. விளம்பரங்களுக்காகச் சோப்பில் சின்னச் சின்ன மனிதர்களைச் செய்தார், அதைப் பற்றி நூலும் எழுதினார். குளியலறைப் பொருளை ஒருவர் இவ்வளவு மதித்து வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்த ஊரில் வேறு யார் பிறந்தார்கள் என்று தேடினேன். ஹானிபலில் இன்று ஏறக்குறைய 17,000 பேர் இருக்கிறார்கள். நம் கணக்கில் ஒரு சிறிய பேரூராட்சி. அங்கிருந்து போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தபோது, இவர்களை ஒரே பலகையில் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. ஏழு சோப்பு, ஏழு பேர். காபாவின் கலையிலேயே காபாவின் ஊரைச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

முதலில் சோப்பு. கடையில் ஐந்து வகை வாங்கி ஓரத்தில் சீவிப் பார்த்தேன். கிளிசரின் சோப்பு ரப்பர் மாதிரி வளைகிறது, கூர்மையான விளிம்பு நிற்பதில்லை. உறையில் டி.எஃப்.எம்., அதாவது சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருள், 76 சதவீதம் அல்லது அதற்கு மேல் போட்டிருந்த வெள்ளைச் சோப்பு எனக்குச் சரியாக வந்தது. அளவு குறைந்த வகைகள் கத்தி பட்ட இடத்தில் பொடிந்தன. ரொம்ப நாள் அலமாரியில் கிடந்த பழைய சோப்பு விரிசல் விடும். புதிதாக வாங்கி, உறையைப் பிரித்து, ஒரு நாள் மட்டும் காற்றாட வைத்தால் போதும். ஆயுதம் என்று பெரிதாக ஒன்றுமில்லை: பழம் நறுக்கும் சிறு கத்தி, தைக்கிற ஊசி, மை தீர்ந்த பேனா ரீஃபில், ஒரு ஹேர்பின், ஒரு டப்பா டூத்பிக்.

எழுத்தாளர் மார்க் ட்வைனிடம் தொடங்கினேன். ஹானிபல் என்றால் உலகத்துக்கு அவர்தான். ஆனால் அவர் அங்கே பிறக்கவில்லை. 1835இல் ஃபுளோரிடா என்ற பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, நாலு வயதில் குடும்பத்தோடு ஹானிபலுக்கு வந்தவர். 1847இல் அப்பா இறந்தார். பையன் அச்சுக்கூடத்தில் வேலை கற்கப் போனான். 1853இல் ஊரைவிட்டுக் கிளம்பினான். வளர்ந்த ஊர்தான் சொந்த ஊர் என்ற கணக்கில் அவரைச் சேர்த்துக்கொண்டேன். அந்த ஆறு இல்லாமல் அவர் இல்லை. புனைபெயரே படகுக்காரர்கள் ஆழம் பார்த்துக் கூவும் குரல்தான். இரண்டு பாகம் ஆழம், அதாவது பன்னிரண்டு அடி, நீராவிப் படகு தைரியமாகப் போகலாம் என்று அர்த்தம்.

முதல் ட்வைன் கெட்டுப்போனது. கண்ணிலிருந்து ஆரம்பித்தேன். கண் அழகாக வந்தது, ஆனால் மூக்குக்குச் சோப்பு மிச்சமில்லை. முகம் முழுக்க உள்ளே போய்விட்டது. இரண்டாவது கட்டியில் ஒழுங்காகச் செய்தேன்: மூக்கு நுனிதான் மிக உயர்ந்த புள்ளி, அதை முதலில் ஊசியால் குறித்துக்கொண்டு, அங்கிருந்து கன்னத்துக்கும் நெற்றிக்கும் மெல்லிசாகச் சீவி இறங்க வேண்டும். ஒரு பக்கத்தையே செதுக்கிக்கொண்டிருக்காமல் கட்டியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். புருவமும் மீசையும் தலைமுடியும் ட்வைனுக்குத் தனித்தனிப் புதர்கள். அவற்றை மொத்தையாக விட்டுவிட்டுக் கடைசியில் ரீஃபில் முனையால் கோடு இழுத்தேன். 1906 டிசம்பரில் வாஷிங்டனில் பதிப்புரிமை பற்றிப் பேசப் போனபோது வெள்ளை சூட்டில் போய் நின்றார், அதுவே பிறகு அவருடைய அடையாளமாகிவிட்டது. வெள்ளைச் சோப்புக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

மாதிரிப் படம் தேடியபோது ஒரு விஷயம் கிடைத்தது. 1890இல் ட்வைனின் உருவப்படத்தை வரைந்த ஜேம்ஸ் கேரல் பெக்வித்தும் ஹானிபலில் பிறந்தவர், 1852இல். ட்வைன் ஊரைவிட்டுப் போனபோது பெக்வித் ஒரு வயது நிரம்பாத குழந்தை. அவரும் பிறகு சிகாகோவில் வளர்ந்தார். ஒரே ஊரில் ஒருவர் தொட்டிலில், ஒருவர் மூட்டை முடிச்சோடு. முப்பத்தேழு வருஷம் கழித்து ஒருவர் முகத்தை மற்றவர் உட்கார்ந்து பார்த்து வரைந்திருக்கிறார். அன்றைக்கு அவர்கள் அந்த ஆற்றைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்றே நம்ப ஆசைப்படுகிறேன்.

நம் பக்கத்துக்கும் ட்வைன் வந்திருக்கிறார். தொழிலில் நொடித்து, கடனை அடைக்க உலகம் சுற்றி மேடையில் பேசிய பயணத்தில், 1896 ஜனவரியில் கொழும்பு வழியாகக் கப்பலில் பம்பாய் போய் இறங்கினார்.

அடுத்த இரண்டு பேரையும் சேர்த்தே செய்தேன். மார்கரெட் டோபின் 1867 ஜூலை 18இல் ஹானிபலில் பிறந்தார். ஜேக் பெக்லி அதே ஆண்டு ஆகஸ்ட் 4இல் அதே ஊரில் பிறந்தார். பதினேழு நாள் இடைவெளி. ஒரு தட்டில் இரண்டு கட்டியையும் வைத்து மாற்றி மாற்றிச் செதுக்கினேன்.

மார்கரெட் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பெண். பதின்மூன்று வயதில் புகையிலைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனவர். பதினெட்டு வயதில் கொலராடோவின் லெட்வில் என்ற சுரங்க ஊருக்குப் போனார், அங்கே ஜே.ஜே. பிரவுனை மணந்தார், பிறகு சுரங்கத்தில் செல்வம் வந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது ஆறாம் எண் உயிர்காப்புப் படகில் இருந்தார், துடுப்புப் போட்டார், ஆட்களைத் தேடித் திரும்பிப் போகச் சொல்லி வாதாடினார். தப்பியவர்களை ஏற்றிக்கொண்ட கார்பேத்தியா கப்பல் நியூயார்க் சேர்வதற்குள்ளேயே, எல்லாம் இழந்தவர்களுக்காகப் பயணிகளிடம் ஏறக்குறைய 10,000 டாலர் திரட்டிவிட்டார். இன்று எல்லோரும் அவரை மோலி பிரவுன் என்கிறார்கள். உயிரோடு இருந்தவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை; மார்கரெட், மேகி, அவ்வளவுதான். எனக்கு இது உறுத்தியது. பீடத்தில் மார்கரெட் என்றே பொறித்தேன்.

அவருடைய படங்களில் அகலத் தொப்பி இருக்கும். சோப்பில் அகலமாகவும் மெல்லிசாகவும் ஒரு விளிம்பு வந்தால் அது உடையத்தான் போகிறது, உடைந்தது. ஒட்டும் முறையை அப்போதுதான் சரியாகக் கற்றேன். சீவல் தூளில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து, உடைந்த இரு முகங்களையும் ஈர விரலால் தடவி, நடுவே டூத்பிக் துண்டு செருகி, குழைத்ததை வைத்து அழுத்த வேண்டும். இரண்டு நாள் தொடக் கூடாது. காய்ந்த பிறகு தழும்பைச் சீவினால் ஒட்டே தெரியாது. நான் முதல் முறை அவசரப்பட்டு மறுநாளே தொட்டேன், மறுபடி கழன்றது. இரண்டாம் முறை பொறுத்திருந்தேன், நின்றது. கையில் ஒரு கோப்பையும் வைத்திருக்கிறேன். 1912 மே மாதம் கார்பேத்தியாவின் தலைவர் ராஸ்ட்ரனுக்கு, உயிர் தப்பியவர்கள் சார்பில் மார்கரெட் ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். அந்தப் புகைப்படம்தான் எனக்கு மாதிரி.

பெக்லி பேஸ்பால் ஆட்டக்காரர், முதல் தளத்தில் நிற்பவர். 1888 முதல் 1907 வரை இருபது பருவங்கள் பெரிய லீக்கில் ஆடினார். 244 முறை ஒரே அடியில் மூன்றாம் தளம்வரை ஓடியிருக்கிறார். வரலாற்றிலேயே மூன்று பேர்தான் அதற்கு மேல். எனக்குப் பேஸ்பால் தெரியாது, இந்த எண்ணைப் புரிந்துகொள்ளவே ஒரு சாயங்காலம் ஆனது. மட்டையை வீசி அடிப்பதற்குப் பதில், அதைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியால் பந்தைத் தட்டிவிடும் வித்தை அவருக்கு இருந்ததாம். அவரை அப்படியே செய்தேன், மட்டையைத் தலைகீழாகப் பிடித்தபடி. முறுக்கு மீசை இரண்டு முறை உடைந்தது. மூன்றாம் முறை மீசையைச் செதுக்காமல், குழைத்த சோப்பைத் திரித்து ஒட்டினேன். என் மகள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இவரு நம்ம ஊரு அய்யனார் கோயில் சாமி மாதிரி இருக்காரே!" மீசை சரியாக வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி. 1918இல் இறந்தவரை 1971இல்தான் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். ஐம்பத்துமூன்று வருஷம் தாமதம்.

ராபர்ட் கூன்ட்ஸ் விரைவாக முடிந்தது. 1864இல் பிறந்தவர், 1919 முதல் 1923 வரை அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதி. கடலே இல்லாத ஊரிலிருந்து கடற்படைத் தலைவர். முழு உருவம் வேண்டாம் என்று நாணயம் மாதிரி பக்கவாட்டு முகம் மட்டும் செய்தேன்.

கிளிஃப் எட்வர்ட்ஸுக்குத்தான் நாள் அதிகம் ஆனது. கையால் அல்ல, மனதால். 1895இல் ஹானிபலில் பிறந்தார். பதினாலு வயதில் படிப்பை விட்டு செயின்ட் லூயிஸ் போய் மதுக்கடைகளில் பாடினார். பல இடங்களில் பியானோ இருக்காது, இருந்தாலும் கெட்டுக் கிடக்கும். தானே ஒரு வாத்தியம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்குப் போய், இருப்பதிலேயே விலை குறைந்த யுகுலேலியை, அதாவது குட்டி கிட்டார் மாதிரியான வாத்தியத்தை, வாங்கிக் கற்றார். 1920களில் நாடு முழுக்கப் பாட்டால் புகழ் பெற்றார். 1940இல் வந்த டிஸ்னியின் பினோக்கியோ படத்தில் ஜிமினி என்ற சில்வண்டுக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். நட்சத்திரத்தைப் பார்த்து வரம் கேட்கும் அந்தப் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. குடியும் கடனும் மணமுறிவுகளும் எல்லாவற்றையும் தின்றன. 1971இல் இறந்தபோது உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு செய்தி தெரிந்து திரைத்துறை நலநிதிக்காரர்கள் முறையாக அடக்கம் செய்தார்கள், கல்லறைக் கல்லுக்கு டிஸ்னி பணம் கொடுத்தது. உலகத்துக் குழந்தைகள் எல்லாம் தூங்கப் போகும்போது கேட்ட குரல். இதைப் படித்த அன்று கத்தியை எடுக்கவே இல்லை.

முகம் வேண்டாம் என்று யுகுலேலியையே செய்தேன். நடுவில் இடுங்கிய உடம்பு சோப்பின் நீளவாக்கில் அழகாக உட்காருகிறது. ஒலித்துளையை பேனா மூடியைத் திருகி வெட்டினேன். நாலு நரம்புக்கு நாலு பருத்தி நூல், அதன் ஓரத்தில் நக அளவு ஒரு சில்வண்டு.

பில் லியர் 1902இல் பிறந்தவர். சிறுவயதிலேயே அம்மாவோடு சிகாகோ போய்விட்டார். லியர்ஜெட் விமானம் அவர் பெயர்தான்; முதல் லியர்ஜெட் 1963 அக்டோபர் 7இல் பறந்தது. விமானத்தைத்தான் செய்ய நினைத்தேன். வால் மேல் குறுக்கே படுத்திருக்கும் துடுப்பு இரண்டு முறை முறிந்தது. யோசித்துப் பார்த்தால், காரில் பாட்டு கேட்க அவர் கொண்டுவந்த எட்டுத் தட ஒலிநாடாப் பெட்டி நம் சோப்புக் கட்டியின் வடிவமேதான்! 1966 மாடல் ஃபோர்டு கார்களில் வந்தது. முடிவில்லாமல் சுற்றும் ஒரே நாடாவில் எட்டுத் தடங்கள், இரண்டிரண்டாக நாலு ஸ்டீரியோ நிகழ்ச்சிகள். ஒரு முனையில் நாடா தெரியும் வாய்களை வெட்டி, மேலே விமானத்தின் கோட்டுருவத்தை மட்டும் கீறினேன். ஒன்றரை மணி நேர வேலை. இருப்பதிலேயே சுத்தமாக வந்தது இதுதான்.

பலகையில் எப்படி நிறுத்துவது என்று நிறைய யோசித்தேன். வயது வரிசை பிடிக்கவில்லை. கடைசியில் பிளைவுட்டில் அமெரிக்காவை வரைந்து, மிசிசிப்பியை நீலமாக இழுத்து, அவரவர் இறுதியில் போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தினேன். ட்வைன் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில். மார்கரெட் அதே மாநிலத்தில் வெஸ்ட்பரியில். எட்வர்ட்ஸ் கலிபோர்னியாவில். லியர் நெவாடாவின் ரீனோவில், 1978இல் அவர் இறந்த ஊர். ஆற்றங்கரைப் புள்ளியில் நிற்பது இரண்டே பேர்: கூன்ட்ஸும் பெக்லியும். இருவரையும் ஹானிபலிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் 1859 என்று எழுதி ஒரு கோடும் இழுத்தேன். மிசூரியைக் குறுக்கே கடந்த முதல் ரயில் பாதை அந்த ஆண்டில் ஹானிபலிலிருந்துதான் மேற்கே போனது. ஆறும் ரயிலும் வளர்த்த ஊர். அவை இரண்டும்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கின்றன.

மழை நாட்களில் சோப்பு வியர்க்கிறது. முகத்தில் துளித்துளியாக நிற்கும். துடைத்தால் விவரம் அழியும், அப்படியே விட்டு மின்விசிறிக் காற்றில் காயவைப்பதுதான் வழி. இப்போது மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, இரவில் உருவங்களை அவற்றோடு பிஸ்கட் டின்னில் மூடிவைக்கிறேன். சீவல்கள் எல்லாம் ஒரு ஜாடியில். வெந்நீரில் கரைத்துக் கைகழுவ வைத்திருக்கிறோம்.

ஏழாவது கட்டி பாக்கி. காபாவின் முகத்தைச் செய்யத்தான் இருந்தேன். மகள் அவருடைய சிந்தியாவைச் செய்யச் சொல்கிறாள். 1932இல் கடையில் உடை மாட்டிக் காட்டுவதற்காக காபா செய்த பிளாஸ்டர் பொம்மை, ஏறக்குறைய 45 கிலோ. நிஜப் பெண்ணைப் போலவே இருக்க வேண்டும் என்று முகத்தில் புள்ளிகள் வைத்தார், கால்விரல்களை உள்பக்கம் திருப்பினார், ஒரு பாதத்தை மற்றதைவிடப் பெரிதாகச் செய்தார். அந்தப் பாதம்தான் என் மகளைப் பிடித்துக்கொண்டது. "எந்தக் காலுப்பா பெருசு?" என்று மூன்று நாளாகக் கேட்கிறாள். இடது கால் என்று வைத்துக்கொள்வோம் என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். சோப்பை நேற்றுப் பிரித்து ஜன்னலோரம் வைத்தாயிற்று. இன்று சாயங்காலம் அவள் பள்ளி விட்டு வந்ததும் முதல் சீவல்.