குலுக்கலில் பெயர் விழுந்தது, போலீஸ் சான்றிதழ்தான் வரவில்லை

ஆஸ்திரேலியாவின் ஒர்க் அண்ட் ஹாலிடே விசா கடைசியில் கைக்கு வந்துவிட்டது. காலேஜ் முடித்த கையோடு ஒரு வருடம் ஊர் சுற்றலாம். செலவுக்கு அங்கேயே பழம் பறிக்கலாம், பாத்திரம் கழுவலாம், காபிக் கடையில் நிற்கலாம், எல்லாம் சட்டப்படியே. வயது 18 முதல் 30 வரை. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் இந்தியர்களுக்கு வருடத்துக்கு 1,000 இடம், ஆள் எடுப்பது குலுக்கலில். ஆனால் முதல் குலுக்கலுக்குப் பெயர் பதிய விட்டதே 2024 அக்டோபரில்தான்.

"பழம் பறிக்கவா பி.இ. படிக்க வெச்சோம்?" என்று அம்மா கேட்டதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பெங்களூரில் இருந்துகொண்டு இந்த விசாவுக்குப் போடுகிறவர்களுக்கு, அதிலும் வாடகை வீட்டில் இருக்கிற, இனிஷியல் வைத்த பெயர்க்காரர்களுக்குத்தான் இது.

குலுக்கலுக்குப் பதிய பாஸ்போர்ட், பான் கார்டு, 25 ஆஸ்திரேலிய டாலர், அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்தே முடிந்துவிடும். இந்திரா நகர் பக்கம் ஒரு ஏஜென்ட் "ஸ்லாட் கன்ஃபர்ம் பண்ணித் தர்றேன் ப்ரோ" என்று லட்சக்கணக்கில் கேட்டார். தேர்வு முழுக்கக் கம்ப்யூட்டர் குலுக்கல். அதில் எந்த ஏஜென்ட்டும் கை வைக்க முடியாது. அப்படிச் சொல்கிறவரிடம் ஒரு டீ கூடக் குடிக்காதீர்கள்.

குலுக்கலில் பெயர் விழுந்து, விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்ததும் 28 நாள் கெடு ஓட ஆரம்பிக்கிறது. ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலப் பரீட்சையில் சராசரி 4.5 போதும், முன்பே எழுதி வைத்திருந்தேன். கணக்கில் 5,000 டாலர், அப்போது நம் பணத்தில் ஏறக்குறைய 2.75 லட்சம், அதோடு திரும்பி வர டிக்கெட்டுக்கும் பணம் காட்ட வேண்டும். அப்பாவின் உதவியில் அதுவும் சரி.

சிக்கல் பெயரில் ஆரம்பித்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் சர்நேம். பான் கார்டிலும் இனிஷியலை விரித்துத்தான் போட்டிருக்கிறார்கள். டிகிரி சான்றிதழிலோ பெயரும் கடைசியில் ஓர் ஒற்றை எழுத்தும். நமக்கு அது அப்பா பெயர் என்று சொல்லவே வேண்டாம், வெளிநாட்டு அதிகாரிக்கு அது யாரோ வேறு ஆள். கல்லூரி அலுவலகத்தில் விரித்த பெயரோடு ஒரு கடிதம் கேட்டேன். "டென்த் மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படித்தான் தருவோம்" என்று கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சரி என்று இ-ஸ்டாம்ப் பேப்பர் எடுத்துக்கொண்டு கோர்ட்டுகள் இருக்கும் மேயோ ஹால் போனேன். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் அடித்து, நோட்டரி முத்திரையோடு அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கதையிலேயே சொன்ன நேரத்தில் வேலை முடிந்த ஒரே இடம் அதுதான்.

அடுத்தது பிசிசி, அதாவது போலீஸ் கிளியரன்ஸ். பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியிலேயே இருந்தால் பலருக்கு அன்றைக்கே கிடைத்துவிடுகிறது. எங்கள் பாஸ்போர்ட்டில் மர்ஃபி டவுன், இப்போது குடியிருப்பது ராமமூர்த்தி நகர். ஃபைல் போலீஸ் விசாரணைக்குப் போய்விட்டது.

ஸ்டேஷனில் ஏட்டு நல்ல தமிழில் பேசினார். சந்தோஷப்பட்டேன். அக்ரிமென்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓனரைக் கூட்டிட்டு வா தம்பி" என்றார். ஓனர் இருப்பது ஓசூரில். வாடகை வாங்குவதை எந்தப் பேப்பரிலும் காட்டாத மனிதர். ஸ்டேஷன் என்றதும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அப்பா நேரில் போய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்கி வந்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதற்குள் ஃபைலில் 'விண்ணப்பதாரர் முகவரியில் இல்லை' என்று எழுதி மேலே அனுப்பியாகிவிட்டது. எங்கள் தெருப் பக்கமே யாரும் வரவில்லை. பாட்டி நாள் முழுக்க வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரியாமல் தபால்காரர்கூடத் தாண்ட முடியாது.

பிறகு பாஸ்போர்ட் அலுவலகம். ஒரு கவுண்டரில் "போலீஸ் ரிப்போர்ட் மாறினால் வாங்க", ஸ்டேஷனில் "பாஸ்போர்ட் ஆபீஸ் திரும்ப அனுப்பினால்தான் பார்ப்போம்". இடையில் ஒரு பெண் அதிகாரி, விசா அழைப்பில் இருந்த கெடு தேதியைப் பார்த்ததும், ஃபைலை மறு விசாரணைக்கு அனுப்பச் சொல்லி அங்கேயே குறிப்பு எழுதினார். அந்த அழைப்புக் கடிதத்தைப் பிரின்ட் எடுத்து, கெடு தேதியை ஹைலைட்டரில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சுக்கு அசையாத ஆட்கள் அந்த மஞ்சள் கோட்டுக்கு அசைகிறார்கள். இந்த முறை கான்ஸ்டபிள் நிஜமாகவே வந்தார், பாட்டியிடம் மோர் வாங்கிக் குடித்தார், டிக் அடித்தார். சான்றிதழ் வந்தபோது கெடுவில் மிச்சமிருந்தது ஒரு வார இறுதி.

ஆகவே அழைப்புக்குக் காத்திருக்காமல், குலுக்கலில் பதிந்த வாரமே பெயர் அஃபிடவிட்டை எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் பழைய முகவரி என்றால் அதையும் அப்போதே மாற்றுங்கள். குலுக்கலில் பெயர் வராவிட்டாலும் வீணாகாது.

விசாக் கட்டணம் அப்போது 650 டாலர், ஆன்லைனில் கட்டினேன். அதற்குப் பின் எந்தத் தொல்லையும் இல்லை.

அங்கே போய் வேலை பார்க்கப்போகிறவர்களுக்குச் சில விஷயம். ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வரி முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம். டிஎஃப்என் என்கிற வரி எண் இலவசம், அதற்குக் காசு கேட்டால் ஏமாற்று. பழம் பறிக்கையில் கூடைக் கணக்கில் சம்பளம் பேசினாலும், மணிக்கணக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று 2022 ஏப்ரலில் இருந்து விதி இருக்கிறது. கிராமப்புறத் தோட்ட வேலைகளில் 3 மாதம் முடித்தால் இரண்டாம் வருட விசாவுக்குப் போடலாம், அதற்குக் குலுக்கல் கிடையாது. சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். கையில் காசாகத் தருகிறேன் என்கிற பண்ணைக்காரர் பக்கம் போகவே வேண்டாம்.

விசா கிடைத்ததிலிருந்து 12 மாதத்துக்குள் உள்ளே நுழைந்தால் போதும், ஒரு வருடக் கணக்கு அங்கே இறங்கிய நாளில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மில்டூரா பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் திராட்சை அறுவடை மும்முரமாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் டிக்கெட் போடப்போகிறேன்.