பதினோராவது பர்சா

“சபா, உங்களுக்கு விலக்கு உண்டு. எனக்கும் உண்டு” என்று நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சபா என்றால் ஹீப்ருவில் தாத்தா. ஜெருசலேமில் நான் கவனித்துக்கொண்ட யூத முதியவரை அப்படித்தான் கூப்பிடுவேன். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் சுக்கா என்ற பண்டிகைக் குடில் பற்றிய பகுதியில், இரண்டாம் அத்தியாயத்திலேயே அது இருக்கிறது. நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் சுக்காவில் தங்க வேண்டியதில்லை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அவருடைய பேரன். நான் யூதன் இல்லை, என்மேல் அந்தக் கடமையே கிடையாது. ஆனாலும் ஏறத்தாழ 1800 வருஷத்துக்கு முன்னால் சட்டம் தொகுத்தவர்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவனையும் நினைத்திருக்கிறார்களே என்று அந்த வரி எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதனால்தான் சட்டென்று வாயில் வந்தது.

இஸ்ரேலில் கேர்கிவர் வேலை பார்த்தவர்களுக்கு சுக்கோத் என்ற இந்தப் பண்டிகை வாரத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நிலையான வீட்டை விட்டு வெளியே வந்து ஏழு நாள் தற்காலிகக் குடிலில் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். நம்மூர் ஓலைப் பந்தல் மாதிரிதான், மேலே பார்த்தால் ஓலை இடுக்கில் வானம் தெரியும். பால்கனியில் பேரன்கள் கட்டியிருந்தார்கள். பகலில் அவரை அங்கே உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் கேட்டது வேறு. ஒரு ராத்திரி அங்கே தூங்க வேண்டும்.

நிமோனியா வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பி அதிக நாள் ஆகவில்லை. ஜெருசலேம் மலைமேல் இருக்கும் ஊர், அக்டோபர் ராத்திரியில் குளிர் இறங்கும். ராத்திரிக் காற்று படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய மகளுக்குப் போன் செய்தேன். “பக்கத்தில் இருப்பது நீ. நீயே முடிவு பண்ணு” என்றார். அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்ததும் நான் விலக்கைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. “எனக்குத் தெரியும். அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்” என்றார். அப்புறம் மிஷ்னாவை விளக்கும் தால்முட் என்ற நூலிலிருந்து கழுதைக்காரர்கள் கதையைச் சொன்னார். கடவுளுக்கு ஊழியம் செய்கிறவனுக்கும் செய்யாதவனுக்கும் என்ன வித்தியாசம் என்று பழங்கால யூத அறிஞர் ஹில்லெலிடம் ஒருவர் கேட்கிறார். இருவரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவன் பாடத்தை நூறு தடவை படித்தவன், இன்னொருவன் நூற்றியொரு தடவை படித்தவன் என்கிறார் ஹில்லெல். ஒரே ஒரு தடவைக்காகவா? ஆமாம், கழுதைக்காரர் சந்தையில் போய்ப் பார், பத்து பர்சா தூரத்துக்குக் கூலி ஒரு சூஸ் காசு, பதினோரு பர்சாவுக்கு இரண்டு சூஸ். ஒரு பர்சா என்றால் சுமார் நாலு கிலோமீட்டர். 1796இல் அச்சான தான்யா என்ற யூத ஆன்மிக நூலின் பதினைந்தாம் அத்தியாயத்தில் அதை எழுதிய ரபி (யூத மதகுரு) ஷ்னேயூர் சால்மன் இதற்குக் காரணம் சொல்கிறார். அந்தக் காலத்தில் நூறு தடவை படிப்பது எல்லோருக்கும் பழக்கம். பழகிய சுபாவத்தை மீறி வைக்கும் அந்த ஓரடிதான், முந்தின நூறுக்கும் ஈடான ஊழியம்.

“அப்படியென்றால் விலக்கு எதற்கு, சபா?” என்றேன். விலக்கு இருந்தும் சுக்காவை விட்டு வெளியேறாதவனுக்குப் பலன் கிடையாது, அவன் அறிவிலி என்று கிராக்கோவின் ரபி மோஷே இசர்லெஸ் எழுதியதையும் பேரன் சொல்லியிருந்தான். மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குச் சொன்னது. நான் அதையும் சொன்னேன்.

அதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்றும் என்னை விடவில்லை. “சுக்காவில் இருப்பது வேதனையாக இருப்பவனுக்குத்தான் அந்த விலக்கு. எனக்கு வேதனை இந்த அறையில்.”

நான் அவரைக் கொண்டுபோகவில்லை. மறுபடி அந்த நிலைமை வந்தாலும் அநேகமாக அதையேதான் செய்வேன். மூச்சுத் திணறினால் குளிரில், இருட்டில் நான் ஒருவன் என்ன செய்ய முடியும்? மீதி ராத்திரிகளில் அவர் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டாரா, என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று விட்டாரா என்று தெரியவில்லை.

ஆனால் இதே மனிதர்தான் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபிரகாமின் கதையைச் சொல்லி எனக்குத் தைரியம் கொடுத்தவர். தேசத்தையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டு ஆபிரகாம் புறப்பட்டபோது வயது 75. ஞாயிறு பள்ளியிலேயே எனக்குத் தெரிந்த கதை. தெரியாதது வேதத்துக்கு உரை எழுதிய யூத அறிஞர் ராஷியின் விளக்கம். பயணம் மூன்றைக் குறைக்கும்: பிள்ளைப்பேறு, பணம், பெயர். அதனால்தான் கடவுள் அந்த மூன்றையும் தருவதாக வாக்குக் கொடுத்தாராம். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்று கேட்டு வளர்ந்தவனுக்கு, பயணம் பணத்தைக் குறைக்கும் என்பது முதலில் ஏறவே இல்லை. ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை நினைத்ததும் ஏறியது. “நீயும் புறப்பட்டு வந்தவன்” என்பார். நான் வந்தது கடனுக்காக, கடவுளுக்காக இல்லை என்பேன். “ஆபிரகாமுக்கும் எங்கே போகிறோம் என்று சொல்லப்படவில்லை” என்பார்.

பின்னாளில் எனக்கு வேறொன்று தோன்றியது. வாழ்நாள் முழுக்க சுக்காவில் தூங்கியவர் அவர். அங்கே தூங்குவதுதான் அவருடைய நூறு. அந்த ராத்திரி அவருக்கு நூற்றியொன்று எதுவாக இருந்திருக்கும்? வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவன் போர்த்திவிட, உள்ளே படுத்து, விலக்கை ஏற்றுக்கொள்வதுதானே? அவருக்குப் பழக்கமே இல்லாதது அது. இப்படி யோசிக்கும்போது மனசு கொஞ்சம் லேசாகிறது.

அந்தக் கணக்கை என் பக்கம் திருப்பினால் லேசாக இல்லை. விதி சொன்னதைச் செய்வதும், டாக்டர் சீட்டைக் காட்டுவதும், வேண்டாம் என்பதும் இந்த வேலையில் எனக்குப் பழகிய நூறு. இரண்டு கம்பளி, ஹீட்டர், விழித்திருக்க நான் என்று ஏற்பாடு செய்து ஒரு மணி நேரம் மட்டும் வெளியே படுக்க வைத்திருக்கலாம். முழு ராத்திரி, இல்லை எதுவுமே இல்லை என்றுதான் நாங்கள் இருவரும் பேசினோம். நடுவில் ஒன்று இருப்பது இருவருக்குமே தோன்றவில்லை.

பேரனிடம் ஒருமுறை கேட்டேன். “நீங்கள் செய்தது சட்டப்படி சரி. வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் தாத்தாவும் அதையேதான் சொல்லியிருப்பார்” என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். வேறு யாராவது கேட்டிருந்தால் என்ற பகுதிதான் எனக்குக் கேட்டது.