கொள்முதல் நிலையத்தில் நாய்க்கடி: மருத்துவமனைச் சீட்டும் ஊராட்சி மனுவும்

2025ஆம் ஆண்டு மாசி மாதம், மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், குவித்து வைத்திருந்த சம்பா நெல்லுக்குக் காவலாகப் படுத்திருந்த என் பெரியப்பாவை நாய் கடித்துவிட்டது. அதன்பிறகு அவருடன் மருத்துவமனைக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் அலைந்தவன் என்ற முறையில், என்னென்ன நடைமுறைகள் இருக்கின்றன, எங்கே தடங்கல் வருகிறது என்பதை எழுதி வைக்கிறேன்.

கெண்டைக்காலில் பல் ஆழமாக இறங்கி இரத்தம் வந்திருந்தது. உடனிருந்தவர்களில் ஒருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னார், இன்னொருவர் காப்பித்தூள் என்றார். பெரியப்பா இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பக்கத்து வயலின் பம்புசெட்டை ஓடவிட்டு, விழுகின்ற தண்ணீரில் காலை நீட்டிச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார். காயத்தில் உள்ள ரேபிஸ் (வெறிநோய்) கிருமியை வெளியேற்றுவதில் இதற்கு ஈடான முதலுதவி கிடையாது என்று மறுநாள் மருத்துவரும் சொன்னார். தையல் போடக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தோல் கிழிந்து இரத்தம் வந்தால், மருத்துவக் கணக்கில் அது கடுமையான மூன்றாம் வகைக் கடி. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்துக்குள்ளேயே செலுத்தும் எதிர்ப்புப் புரத மருந்தும் (இம்யூனோகுளோபுலின்) வேண்டும். தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளைப் பூச்சியமாகக் கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், இரண்டு கைகளிலும் 0.1 மில்லி வீதம் போடுகிறார்கள். ஊசி இறங்கிய இடத்தில் தோல் சிறிது மேடாக எழும்பினால்தான் மருந்து சரியான அடுக்கில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் எங்கள் ஊர்ப் பெரியவர்களை இன்னும் விடவில்லை; அந்தப் பழைய வகை மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

நாங்கள் முதலில் போன இடத்தில், ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதால், இன்னும் ஓரிருவர் வரட்டும் என்று உட்கார வைத்தார்கள். மருந்து வீணாகக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் இரத்தக் காயத்தோடு வந்தவரைக் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை என்று பொறுப்பு மருத்துவரிடம் பணிவாக எடுத்துச் சொன்ன பிறகு ஊசி போட்டார்கள். எதிர்ப்புப் புரத மருந்து அங்கே இருப்பில் இல்லாததால், சீட்டில் குறிப்பு எழுதிப் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குதிரையிலிருந்து எடுக்கப்படும் வகையானால் உடல் எடையில் கிலோவுக்கு 40 அலகு என்ற கணக்கில், 60 கிலோ எடையுள்ள பெரியப்பாவுக்கு 2,400 அலகு. அதை இடுப்பில் போட்டுவிட்டு அனுப்புவது முறையல்ல. ஒவ்வொரு பல் தடத்துக்குள்ளும் சுற்றிலும் காயம் ஏற்கும் அளவுக்குச் செலுத்த வேண்டும். வலி கடுமையாகத்தான் இருந்தது. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாட்கள் கடந்துவிட்டால் இந்த மருந்தைக் கொடுப்பதில்லை என்பதால், இதைத் தள்ளிப்போட இடமே இல்லை.

மருத்துவமனைப் பதிவேட்டில் கடித்த இடம், தேதி, விலங்கு, அது வளர்ப்பு நாயா தெருநாயா என்பன எழுதப்படுகின்றன. நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் கணக்குக்கும் இந்த விவரம் போகிறது. ஆனால் கடித்த நாயைத் தேடி யாரும் வரமாட்டார்கள். கடிபட்டவரைக் கவனிக்கும் துறை வேறு, நாயைக் கவனிக்க வேண்டிய உள்ளாட்சி வேறு. இரண்டையும் இணைக்கிற வேலை நம் தலையில்தான் விழுகிறது. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அந்த ஆண்டு சனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போயிருந்ததால், ஊராட்சிச் செயலரிடம் ஒரு மனு, வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் அதன் நகல் என்று கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை வாங்கிக்கொண்டோம். நாயின் நிறம், காதில் இருந்த வெட்டுத் தழும்பு, திரியும் இடம், கடித்த நேரம் ஆகியவற்றை எழுதி மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்த பிறகுதான் மனுவுக்கு மதிப்பு வந்தது. அதுவரை வாயால் சொன்னதற்கெல்லாம் “பார்க்கிறோம்” என்பதே பதில். வளர்ப்பு நாயாக இருந்து உரிமையாளர் அசட்டையாக விட்டிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும் வழி உண்டு.

இதற்கிடையில் நாயை விஷம் வைத்துக் கொன்றுவிடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். அது தண்டனைக்குரிய குற்றம் என்பது ஒருபுறமிருக்க, கொன்று புதைத்துவிட்டால் அதற்கு ரேபிஸ் இருந்ததா என்று அறியும் வழியும் அடைபட்டுப்போகும். கடித்த நாய் பத்து நாட்கள் நலமாக இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். அதற்காக ஊசியை நிறுத்தி வைத்துக் காத்திருக்கக் கூடாது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். நெல் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் நாள்தோறும் அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினார். அப்படிப் பார்த்தபோதுதான் காரணமும் வெளிப்பட்டது: தார்ப்பாய்க்கு அடியில் அது குட்டி போட்டிருந்தது, பெரியப்பா பனிக்காகத் தார்ப்பாயை இழுத்து மூடப் போயிருக்கிறார்.

2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, ரேபிஸ் சந்தேகம் உள்ள நாயைத் தனிமைப்படுத்திக் கண்காணிக்க வேண்டும். மற்ற தெருநாய்களைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். எங்கள் மனுவின் பேரில் கால்நடை மருந்தகத்திலிருந்து வந்து, பத்து நாள் கண்காணிப்பு முடிந்ததும் அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டார்கள். கருத்தடை, குட்டிகள் பால் மறந்த பிறகு என்றார்கள். அருகில் அதற்கான மையம் இல்லாததால் அது இன்னும் நடக்கவில்லை, நினைவூட்டல் மனு கொடுத்திருக்கிறோம்.

நாய் பிழைத்துக் கிடந்தாலும் 28ஆம் நாள் ஊசியையும் போட்டுக்கொள்ளும்படி மருத்துவர் சொன்னார், போட்டுக்கொண்டார். முழுச் சுற்றையும் முடித்தவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாட்கள் தடுப்பூசி போதும், எதிர்ப்புப் புரத மருந்து தேவையில்லை; ஆனால் முன்பு போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அந்தச் சீட்டைப் பெரியப்பா சிட்டா, அடங்கல் வைத்திருக்கும் உறையிலேயே வைத்திருக்கிறார்.