வருமானப் பக்கத்தில் நடக்கும் சண்டை

வன்னியில் ஒரு பிரதேச சபையின் கணக்குப் பகுதியில் எனக்கு வேலை. செப்டெம்பர் முடிவதற்குள் அடுத்த வருடப் பாதீட்டுக்கான கோப்பைத் திறந்துவிடுவோம். சபை மண்டபத்தில் சத்தம் எழும்புவது செலவுப் பக்கத்தைப் பற்றித்தான்: எந்த வட்டாரத்துக்கு எத்தனை தெருவிளக்கு, எந்த வீதிக்குக் கிரவல், யாருடைய ஊர் விடுபட்டுப் போனது. ஆனால் அந்தச் செலவெல்லாம் வருமானப் பக்கத்தில் எழுதும் இலக்கத்தில்தான் தொங்குகிறது. அதைப் பற்றி எழும்பிக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

வருமானப் பக்கத்தில் நான்கு நிரல்கள் இருக்கும். போன வருடம் உண்மையில் வந்தது, இந்த வருடம் வரும் என்று போட்டது, இதுவரை வந்தது, அடுத்த வருடம் வரும் என்று நாங்கள் நினைப்பது. கடைசி நிரலைத்தான் நாங்கள் முதலில் பென்சிலால் நிரப்புவோம். வீடு, கட்டடங்களுக்குச் சபை அறவிடும் சோலைவரி பெரும்பாலும் ஜனவரியில் வந்துவிடும். முழு வருடத்துக்குரியதை 31ஆம் திகதிக்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைப்பதால் வசதியுள்ளவர்கள் அந்த மாதமே கட்டிவிடுவார்கள். ஜனவரிக் காசைப் பார்த்து வருடம் முழுக்க இப்படித்தான் வரும் என்று நினைத்தால் ஜூனில் கை வறண்டுவிடும். காணி உறுதி எழுதும்போது அறவிடும் முத்திரைக் கட்டணம் மாகாணத்தின் ஊடாக எப்போது வருமோ அப்போதுதான் வரும். எங்கள் பக்கத்துக் காணிகளில் பெரும்பகுதி, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. உறுதி முடித்துக் கைமாறுவது நகரப்பக்கத்தைப் போல நடப்பதில்லை. ஆகவே யாழ்ப்பாணத்து நல்ல சபை ஒன்றைப் பார்த்து இந்தக் கட்டணத்துக்கு இலக்கம் போட முடியாது. சந்தைக் குத்தகை கேள்விப்பத்திரத்தில் உயர்ந்த விலைக்குப் போகும். பிறகு மாரியில் வெள்ளம் வந்தால் குத்தகைக்காரர் கழிவு கேட்டுக் கடிதத்தோடு வந்து நிற்பார். அவரிலும் பிழை சொல்ல ஏலாது.

செலவுப் பட்டியல் வருமானத்தை மிஞ்சும்போதுதான் உண்மையான கதை தொடங்கும். யாராவது ஒருவர் எங்கள் மேசைக்கு வந்து குனிந்து சொல்வார்: "பிள்ளை, சோலைவரி நிலுவை முழுக்க வரும் எண்டு போடுங்கோ. வராட்டிப் பிறகு பாப்பம்." நிலுவை என்பது வருடக்கணக்காகக் கட்டாமல் கிடக்கும் தொகை. சில வீடுகளில் உரிமையாளர் கனடாவில். சில வீடுகளில் யார் உரிமையாளர் என்பதே தெரியாது. அந்தக் காசு ஒரே வருடத்தில் முழுதாக வராது என்று கேட்பவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு இலக்கத்தை ஏற்றினால் பாதீடு சமப்பட்டுவிடும். பென்சில் இலக்கத்தை அழித்துவிட்டுப் பேனையால் எழுதுவோம்.

அந்தப் "பிறகு" வருவது ஒக்டோபரில். சம்பளம் நிற்காது, நிற்கவும் கூடாது. மின்சாரக் கட்டணமும் கழிவகற்றும் உழவு இயந்திரத்துக்கு எரிபொருளும் கொடுத்தே ஆக வேண்டும். மிஞ்சுவது இன்னும் தொடங்காத வேலைகள். அவை பெரும்பாலும் காட்டோரத்து மீள்குடியேற்றக் கிராமங்களின் வேலைகளாகவே இருக்கும். தூரம் என்பதால் மதிப்பீடு எடுக்கவும் ஒப்பந்தகாரர் கிடைக்கவும் பிந்துகிறது. பிந்தியதால் வெட்டில் முதலில் அகப்படுகிறது. யானை வரும் ஒழுங்கைக்குப் போட இருந்த நான்கு தெருவிளக்குகள் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று கோப்போடு மூடப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒழுங்கைச் சனத்துக்கு இது ஒரு வருமான மதிப்பீட்டின் விளைவு என்று யாரும் சொல்லவில்லை. காசு இல்லை என்றுதான் சொன்னார்கள்.

சரி, அப்படியென்றால் குறைத்துப் போட்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். அதையும் பார்த்தோம். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அதே மாதம் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில் காசு இல்லை என்று தள்ளிப்போய், 2025 மே மாதம்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் செயலாளர்களே சபையை நடத்தினார்கள். பயத்தில் எல்லா இலக்கத்தையும் இறக்கிப் போட்டோம். வருட முடிவில் எங்கள் கணக்கில் காசு மிஞ்சியது. அதே டிசெம்பரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேற்றுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூட்டிப் போட்டாலும் குறைத்துப் போட்டாலும் அதன் பாரத்தை யாரோ ஒருவர் சுமக்கிறார். அவர் யார் என்பது பாதீட்டுப் புத்தகத்தில் இருப்பதில்லை. இந்த வேலையில் என்னை ஆற விடாதது இதுதான்.

நியூயோர்க் நகரத்தின் பாதீட்டைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கியதும் இதனால்தான். அந்த நகரத்தின் ஒரு வருடப் பாதீடு 10,000 கோடி டொலருக்கு மேல். எங்கள் சபையோடு ஒப்பிட முடியாத தொகை. ஆனால் சண்டை அதே சண்டை. 1975இல் அந்த நகரம் வங்குரோத்தின் விளிம்புக்குப் போனது. வராத வருமானத்தை வரும் என்று எழுதியதும் அந்த ஓட்டையைக் குறுங்காலக் கடனால் அடைத்ததும் அதற்குப் பெரிய காரணங்கள். இப்போது அங்கே மேயரின் அலுவலகம் ஒரு மதிப்பீடு போடும், நகரசபை தன்னுடையதைப் போடும். தேர்தலில் தெரிவாகும் கணக்குத் தலைவர் ஒருவரும், மேயருக்குக் கட்டுப்படாத சுயாதீன பாதீட்டு அலுவலகமும் தங்கள் இலக்கங்களை வெளியிடுவார்கள். எல்லாம் சனம் வாசிக்கக் கிடக்கும்.

2023 நவம்பரில் மேயர் எரிக் அடம்ஸின் நிர்வாகம், புகலிடம் தேடி வந்தவர்களுக்கான செலவைப் பெரிய காரணமாகக் காட்டி, துறைகள் எல்லாவற்றிலும் 5 வீதம் வெட்டியது. பொது நூலகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடப்பட்டன. வரி வருமானம் மேயர் சொல்வதை விடக் கூட வரும் என்று நகரசபையும் சுயாதீன அலுவலகமும் சொல்லின. 2024 ஜனவரியில் மேயரே தன் வருமான மதிப்பீட்டைக் கூட்டிச் சில வெட்டுகளைத் திருப்பி எடுத்தார். ஜூன் மாதம் 11,240 கோடி டொலர் பாதீட்டுக்கு உடன்பாடு வந்தபோது நூலகங்களின் காசும் திரும்பியது. எச்சரிக்கையாக இருப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தக் காசு கையில் எடுத்துப் பார்க்கும் காசு அல்ல, எல்லாம் அனுமானம்தான். ஆனால் அவ்வளவு ஞாயிற்றுக்கிழமைகளும் வாசல் பூட்டிக்கிடந்தது உண்மை. இரண்டாவது இலக்கம் ஒன்று வெளியில் இருந்தபடியால்தான் அதைச் சொல்லி வாதாட முடிந்தது.

எங்களிடம் இரண்டாவது இலக்கம் இல்லை. பாதீட்டு வாக்கெடுப்பு இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் ஆளைப் பற்றிய வாக்கெடுப்பு. 2020 டிசெம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் பாதீடு இரண்டு தடவை தோற்று முதல்வர் பதவி இழந்தார். இப்படியொரு விளைவு இருக்கும் வரை உறுப்பினர்கள் இலக்கத்தைப் பார்க்க மாட்டார்கள், கதிரையைத்தான் பார்ப்பார்கள்.

வெளிநாட்டு ஏற்பாட்டைக் கொண்டுவந்து இங்கே நட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரிலேயே ஒரு வழக்கம் இருக்கிறது. சிறுபோகத்துக்கு முன் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பற்றிக் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். நீர்ப்பாசனத் திணைக்களம் ஒன்று சொல்லும், கமக்காரர் அமைப்புகள் வேறொன்று சொல்லும். மணிக்கணக்காக வாக்குவாதம் நடக்கும். அதற்குப் பிறகுதான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவாகும். முடிவு பிடிக்காதவனுக்கும் அது எந்தத் தண்ணீரை வைத்து எடுத்த முடிவு என்று தெரியும். சபையின் காசும் அந்தத் தண்ணீரைப் போலத்தான் கணக்குப் பார்க்கப்பட வேண்டும்.

இம்முறை நான் எழுத்தில் ஒரு கோரிக்கை வைத்தேன். ஒவ்வொரு வருமான இனத்துக்கும் பக்கத்தில் கடந்த மூன்று வருடமும் மதிப்பிட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று காட்ட வேண்டும். அடுத்த வருட இலக்கம் எந்த நம்பிக்கையில் போடப்பட்டது என்று ஒரு வரி எழுத வேண்டும். குறைந்தால் எந்த வேலைகள் முதலில் நிற்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்றாவதைச் சில உறுப்பினர்கள் விரும்பவில்லை. "எங்கட வட்டாரத்தின்ர பேரை நாங்களே வெட்டுப் பட்டியலில போடுறதோ அக்கா?" என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. பேர் எழுதாவிட்டாலும் வெட்டு வரும், தூரத்து ஊருக்கே வரும் என்று சொன்னேன். கடந்த சில வருடங்களில் நிறுத்தப்பட்ட வேலைகளின் பட்டியலை வட்டார வாரியாக எடுத்துத் தரும்படி அவர் கேட்டிருக்கிறார். பழைய கோப்புகளிலிருந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.