64 சாம்பிளில் கரகரப்பு நின்றது

விண்டோஸ் லேப்டாப் வழியாக வாசிக்கும் என் கிட்டார், ஒருவழியாக 64 சாம்பிள் பஃபரில் (ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்பும் இடம்) சுத்தமாகக் கேட்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஆம்ப் சிமுலேட்டரும் ரிவெர்பும் சேர்ந்து ஓடும்போதுகூட ஒரு 'பொட்' இல்லை. பஃபர் சிறிதானால் தாமதமும் குறையும்; 256-இல் வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் மீட்டலிலேயே தெரிந்துவிடும்.

பவர் பிளான், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட், ஏசியோ டிரைவர் (தாமதம் குறைந்த ஒலி டிரைவர்) என்று வழக்கமான திருத்தங்களையெல்லாம் செய்து பார்த்தேன். அதற்கெல்லாம் என் லேப்டாப் மசியவில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிபியு பாதிகூட ஓடவில்லை, ஆனால் கரகரப்பு நிற்கவில்லை. இங்கேதான் பலரும் புது லேப்டாப் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். வேண்டாம்! 64 சாம்பிள் என்றால் 1.33 மில்லிசெகண்ட். அதற்குள் அடுத்த பஃபர் தயாராகியே தீரவேண்டும். ஏதோ ஒரு டிரைவர் தன் டிபிசி வேலைக்காக (மற்ற நிரல்களை நிறுத்திவிட்டு முந்தி ஓடும் டிரைவர் வேலை) ஒலி ஓடும் சிபியு கோரை 2 மில்லிசெகண்ட் பிடித்துக்கொண்டால் போதும், ஒலி அறுந்துவிடும். சராசரி சிபியு கணக்கில் அது தெரியவே தெரியாது.

அந்த டிரைவரைக் காட்டிக்கொடுப்பது லேட்டன்சிமான் என்ற விண்டோஸ் மென்பொருள். முதல் பக்கத்துப் பச்சை, சிவப்பு பட்டைகளோடு நின்றுவிடாமல் டிரைவர்ஸ் பக்கத்துக்குப் போய், 'ஹையஸ்ட் எக்ஸிக்யூஷன்' பத்தியை அழுத்தி வரிசைப்படுத்துங்கள். வாசித்துக்கொண்டே நீண்ட நேரம் ஓடவிடுவது முக்கியம். எனக்கு வைஃபை டிரைவர் உச்சியில் வந்தது. டிவைஸ் மேனேஜரில் முடக்கியதும் முக்கால்வாசி கரகரப்பு போய்விட்டது.

மிச்சமிருந்தது ஒரே ஒரு 'டிக்'. கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில் வந்தது. பிளக்இன்களைக் கழற்றினாலும் இடைவெளி மாறவில்லை, அதனால் இது பாரத்தால் வருவதில்லை, ஏதோ ஒன்று அடிக்கடி எட்டிப்பார்க்கிறது என்று புரிந்தது. பட்டியலில் இப்போது ஏசிபிஐ டிரைவர் (மின்சார நிர்வாகத்தைக் கவனிப்பது) மேலே. பேட்டரி நிலையை விசாரிக்கும் வேலை அதன் வழியாகத்தான் நடக்கிறது. டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் கீழே உள்ள 'கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி'யை முடக்கினேன். டிக் அந்த நொடியே நின்றது! ஆனால் சார்ஜ் சதவீதமும் எச்சரிக்கையும் வராது. சார்ஜரைச் செருகி வைத்தே வாசிக்க வேண்டும்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வாங்கப்போகிறவர்கள் ப்ரீஆம்ப் புள்ளிவிவரத்தைவிட அதன் ஏசியோ டிரைவர் எப்படி என்று முதலில் விசாரியுங்கள். லினக்ஸ் 6.12 முதல், அவசர வேலைக்கு உடனே வழிவிடும் ரியல்டைம் ப்ரீஎம்ப்ஷன் மெயின் கர்னலிலேயே வந்துவிட்டது, அதையும் ஒரு தனி டிஸ்க்கில் போட்டுப் பார்க்க ஆசை. அதற்கு முன் 32 சாம்பிளில் முயல வேண்டும். கூடவே, சார்ஜர் செருகியதும் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப்பில் ஏறும் 'ம்ம்ம்' இரைச்சலை ஒழிக்க வேண்டும்.