மூன்றாம் தடவை ஏறிய கட்டுரை

ஒருவழியாக நேற்று என் கட்டுரையை ஆசிரியர் ஏற்றுக்கொண்டுவிட்டார். இதே மாலை வகுப்பில் எழுதப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மொரீசியஸ் ரூபாய் நோட்டில் இந்திக்கு முன்னால் தமிழ் இருக்க வேண்டுமா என்பது தலைப்பு. நிலைப்பாடு எடுக்க வேண்டும், எதிர்த்தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். 1998இல் தமிழ் முன்னே இருந்த வரிசையை மாற்றிப் புது நோட்டில் இந்தியை முன்னே போட்டதும், நம்மவர்கள் கொதித்ததும், நோட்டைத் திரும்பப் பெற்றதும் நம் வீடுகளில் தெரிந்த கதைதானே. ஒரே இரவில் எழுதி முடித்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே பாண்டிச்சேரியிலிருந்து நம் கைவினைஞர்கள் வந்துவிட்டார்கள். இந்தித் தரப்பின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்த ஆட்களாகத் திரளாக வந்தது 1834 முதல்தான். ஆகவே முந்தி வந்த மொழிக்கே முந்திய இடம். எதிர்த்தரப்புக்கு ஒரே வரி: 'சிலர் இந்திக்காரர்களே அதிகம் என்பர், அது ஏற்கத்தக்கதன்று.'

ஆசிரியர் 'சிலர்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "யார்? கேட்டீர்களா?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் தடவை பயந்துபோய் 'இரு தரப்பும் சரியே' என்று முடித்தேன். அதுவும் திரும்பியது. தயவுசெய்து அப்படி முடிக்காதீர்கள்.

அப்புறம்தான் பக்கத்து வீட்டுத் தோந்தோனிடம் (மாமாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) போனேன்; வட இந்தியாவிலிருந்து வந்த போஜ்புரிக் குடும்பம் அவருடையது, இந்தித் தரப்பு. சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து மேசையில் நீவி வைத்தார். "வந்த வரிசைதான் கணக்கென்றால் இதில் பிரெஞ்சு எங்கே?" என்று எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார். எனக்கு வாயடைத்துப் போனது.

'பிறர் மதம் மேற்கொண்டு களைதல்', அதாவது பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு மறுப்பது, என்று இலக்கணத்தில் மனப்பாடம் செய்தவன்தான் நான். மேற்கொள்ளாமலே களையப் போயிருக்கிறேன். அவர் கேள்வியை அதே வலுவோடு எழுதி, 'உண்மைதான்' என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு மேல் என் கையில் மிஞ்சியதுதான் என் உண்மையான வாதம்: பல வருஷம் கையில் புழங்கிய வரிசையை, புழங்கியவர்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது. தலைக்கணக்குச் சொல்பவர்களுக்கும் அதுவே பதிலானது.

கொடுக்கப் போன அன்று அலுவலகக் கணினியில் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்தர் நிமிர்ந்தே பார்க்காமல் "நாளைக்கு வாங்க" என்றார். ரோஸ் ஹில்லுக்கு வெறுங்கையோடு மெட்ரோ ஏறினேன். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்கள்.

தோந்தோனுக்குக் கிரியோலில் சொல்லிக் காட்டினேன். என் முடிவை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தன் கேள்வி வரும் பத்தியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.