பெருங்காய வாசனையும் சில சதவீதங்களும்

ஏப்ரல் 7, 2020
நேற்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்கு: தொற்று உறுதியானவர்களில் 76 சதவீதம் ஆண்கள், இறந்தவர்களில் 73 சதவீதம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ‘கொரோனாவுக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்குது’ என்று ஒரே கிண்டல். கணக்கு வாத்தியார் மகளுக்குக் கை சும்மா இருக்குமா? தொற்றில் பெண்கள் 24, சாவில் 27. அப்படியென்றால், தொற்று வந்த பெண்களில் இறந்தவர் விகிதம் ஆண்களைவிடச் சற்றுக் கூடுதல்! பெரும்பாலும் பயணம் போய் வந்தவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும்தானே இப்போது பரிசோதனை? வீட்டோடு இருக்கும் பெண்கள் அந்தக் கணக்கில் எத்தனை பேர் வருவார்கள்? குழுவில் எழுதினேன். சித்தப்பா ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

ஏப்ரல் 9
சீனாவில் கதை வேறு. பிப்ரவரி அறிக்கையில் 44,672 நோயாளிகள், ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சரிபாதி. இறப்பு மட்டும் ஆண்களில் 2.8 சதவீதம், பெண்களில் 1.7. அங்கே ஆண்களில் பாதிப்பேர் புகைக்கிறார்கள், பெண்களில் மிகச் சிலரே, அதனால்தான் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. இத்தாலியில் பெண்கள் புகைப்பது சகஜம். அங்கேயும் இறந்தவர்களில் ஆண்களே மிக அதிகம்.

ஜூலை 18
அத்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ‘ரசத்துல பெருங்காயமே போடலையா?’ என்று கேட்டதும் எனக்குப் பக்கென்றது. இரண்டு சிட்டிகை போட்டிருந்தேன். பரிசோதனைக்குக் கூப்பிட்டால், ‘எனக்கு எதுக்கும்மா, வாசப்படியே தாண்டலையே’ என்கிறார். போன வாரம் இவருக்குத் தொண்டை லேசாகக் கரகரத்தது. அலுவலகத்தில் கேட்டார்கள் என்று உடனே போய் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு வந்தார். நெகடிவ். அத்தையை நானும் வற்புறுத்தவில்லை. வாசலில் தகரம் அடித்துவிடுவார்களே என்ற பயம்.

ஜூலை 27
அத்தை எழுந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறார். நெதர்லாந்துச் செய்தி ஒன்று படித்தேன். இரண்டு குடும்பங்கள், இரண்டிரண்டு அண்ணன் தம்பிகள், எல்லாரும் 35 வயதுக்குள். நால்வருக்கும் வென்டிலேட்டர், ஒருவர் பிழைக்கவில்லை. வைரஸ் நுழைந்ததை உடம்புக்கு உணர்த்தும் டிஎல்ஆர்7 மரபணுவில் பழுதாம். அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், பழுதானால் மாற்று கிடையாது.

செப்டம்பர் 26
‘சயின்ஸ்’ இதழில் வந்திருக்கிறது: உயிருக்குப் போராடிய 987 நோயாளிகளில் 101 பேருக்கு, வைரஸை அடக்கும் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்ததாம். அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். அத்தையிடம் சொன்னேன். பெருங்காய டப்பாவை முகர்ந்துகொண்டே, ‘அப்போ அவனை முதல்ல மூக்குக்கு மேல மாஸ்க் போடச் சொல்லு’ என்றார்.
வாசனை வருகிறதா என்று கேட்டேன். பாதி வருகிறதாம்.